சாய்கோட்டில் சிக்கிய சம்பா

ஐப்பசி பிறந்தால் காவிரிப் படுகையில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கும். வயலில் சம்பா, தாளடி நடவு. ஆட்சியர் அலுவலகங்களில் பயிர்க் காப்பீட்டுச் செய்திக்குறிப்பு. முதல் வேலையில் நாற்று கோணினால் நடவாள் குனிந்து மறுபடி ஊன்றிவிடுகிறார். இரண்டாவதில் ஆண்டுதோறும் அதே கோணல். நிமிர்த்த ஆளில்லை.

அந்தச் செய்திக்குறிப்பின் நடை டெல்டாக்காரர்களுக்கு மனப்பாடம். முன்மொழிவுப் படிவம், பதிவு விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் வழங்கும் அடங்கல், அதன் பின்னால் ஒரு சாய்கோடு, இ-அடங்கல், இன்னொரு சாய்கோடு, விதைப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், ஆதார் நகல் என்று அடுக்கி, எல்லாவற்றையும் ‘ஆகியவற்றுடன்’ என்ற ஒரு முடிச்சில் கட்டுவார்கள். அதே மூச்சில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொது சேவை மையம் என்று இடங்கள் வரும். அவற்றுக்கும் நடுநடுவே சாய்கோடு. கட்டணமும் கடைசித் தேதியும் அதே வாக்கியத்துக்குள் எங்கேனும் செருகப்பட்டிருக்கும். ‘பதிவு செய்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற இடத்தில்தான் முற்றுப்புள்ளியைப் பார்க்க முடியும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் உழவர் என்ன செய்வார்? அடங்கலும் வேண்டுமா, விதைப்புச் சான்றும் வேண்டுமா, இரண்டில் ஒன்று போதுமா? அடங்கல் என்றால் எந்தப் பசலிக்கு? பசலி எனும் வருவாய் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. நடவே முடியாத வயலுக்கு நடப்புப் பசலியின் அடங்கலில் சம்பா எப்படி ஏறியிருக்கும்? கூட்டுப் பட்டா வைத்திருப்பவர் பங்காளிகளின் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டுமா? தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்களின் நிலமும் ஊர்தோறும் கோயில் நிலமும் பரந்து கிடக்கும் பூமி இது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தனிச் சட்டம் கண்ட மாநிலம் இது. ‘குத்தகைதாரரும் சேரலாம்’ என்று தாராளமாக எழுதுகிறவர்கள், அவர் எந்தச் சான்றைக் காட்ட வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதுவது பெரும்பாலும் இல்லை.

கடன் வாங்கிய உழவரின் பாடு வேறு. 2020 முதல் அவருக்கும் இந்தக் காப்பீடு விருப்பத்தின் பேரில்தான். வேண்டாமென்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஏழு நாளைப் பற்றிய பேச்சைச் செய்திக்குறிப்பில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

சாய்கோடு உழவருக்குப் புதிதல்ல. 112/3 என்று பட்டாவில் இருந்தால் 112ஆம் புலத்தின் 3ஆம் உட்பிரிவு. த/பெ என்றால் தந்தை பெயர். இந்த இரண்டு பொருளும் எழுதப் படிக்கத் தடுமாறுகிறவருக்கும் தெரியும். செய்திக்குறிப்பில் வரும் சாய்கோட்டுக்கு மட்டும் ‘அல்லது’ என்று பொருளா, ‘மற்றும்’ என்று பொருளா என்பதை அதைப் பார்க்கும் அலுவலர்தான் தீர்மானிக்கிறார். ஒரு மேசையில் ‘அல்லது’. அடுத்த மேசையில் ‘மற்றும்’. சட்டத்தில் இல்லாத ஓர் அதிகாரம், ஒரு கோட்டைச் சாய்த்துப் போட்டதால் கிடைத்துவிடுகிறது. எங்கள் கண்டனத்தின் மையம் இதுதான். பட்டியல் தெளிவாக இருந்தால் உழவர் உரிமையோடு கேட்பார். குழம்பிக் கிடந்தால் தயவுக்கு நிற்பார்.

‘முதலானவை’, ‘உள்ளிட்ட ஆவணங்கள்’, ‘இதர சான்றுகள்’ என்று வாலை நீட்டிவிடுவதும் இதே வகைதான். கடைசியில் ‘இதர’ என்று போட்டால் அந்தப் பட்டியல் முடியவில்லை என்று அர்த்தம். முடியாத பட்டியலை எந்த உழவராலும் முழுமையாகக் கொண்டுவர முடியாது. ஏதோ ஒன்று எப்போதும் குறையும். குறைந்ததை எடுத்துவர மன்னார்குடிக்கோ பட்டுக்கோட்டைக்கோ இன்னொரு பேருந்து, இன்னொரு நாள் வேலை இழப்பு. கடைசி வாரத்தில் சேவை மையங்களின் வாசலில் கூட்டம் நெருக்கும்போது ‘உழவர்கள் முன்கூட்டியே வரவில்லை’ என்று அறிக்கை வேறு வரும். சம்பாவுக்கு வழக்கமான கடைசித் தேதி நவம்பர் 15. கஜா புயல் 2018ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில். அந்த வாரத்தில் ஒரு தாள் குறைந்து திரும்பிப் போவது என்றால் என்ன என்பதை டெல்டா மாவட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும்போது இந்தக் கூத்து என்றால், இழப்பீட்டின்போது வெளியாகும் பயனாளிகள் பட்டியல் இன்னும் மோசம். மாதந்தோறும் நடக்கும் உழவர் குறைதீர் கூட்டங்களில் சங்கங்கள் கேட்டுக் கேட்டுத்தான் அது ஊருக்கு வருகிறது. வருவதும் பெரும்பாலும் சாய்வாகப் பிடித்த படமாக, வாட்ஸ்அப்பில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி வருகிறது. பெரிதாக்கினால் எழுத்து மங்கும், தேடினால் கிடைக்காது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தாலும் பெயரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஏனென்றால் அந்தப் பெயர்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது பட்டியலைத் தயாரித்த கணினிக்கே வெளிச்சம்.

இந்த வரிசைக் கோளாறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரவு ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. நம் பெயர்களுக்கு முன்னால் தலைப்பெழுத்து உண்டு. கணினி தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால் மகன் பெயர் தகப்பன் பெயரின் முதல் எழுத்துக்குக் கீழே போய் உட்காருகிறது. ஒரே ஊரில் ஒரு கோவிந்தசாமி ‘ஜி’ எழுத்தில் இருப்பார், இன்னொரு கோவிந்தசாமி ‘கே’ எழுத்தில் இருப்பார். ஏழுமலையை ‘ழ’வுக்கு ஓர் எழுத்துக்கூட்டலில் ஒருவர் ஏற்றுவார், ‘ல’வாக இன்னொருவர் ஏற்றுவார். பிறகு அதை அப்படியே தமிழாக்கி ஒட்டினால் அகரவரிசையும் இல்லை, ஆங்கில வரிசையும் இல்லை. ஐந்து ராஜேந்திரன்கள் உள்ள கிராமத்தில் எந்த ராஜேந்திரனுக்குப் பணம் வந்தது என்று எப்படித் தெரியும்? புல எண் ஒன்று போட்டிருந்தால் வழக்கே இல்லை. நிலத்தை அடையாளம் காட்டுவது புல எண்தான். அடங்கலின் முதல் கலமே அதுதான். அதை விட்டுவிட்டு, ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையும் வங்கிக் கணக்கின் பாதியையும் போட்டு, பட்டியல் என்கிறார்கள்.

தொகை எப்படி வந்தது என்பதையும் சொல்வதில்லை. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய்க் கிராமமே காப்பீட்டு அலகு. அந்தக் கிராமத்தின் உத்தரவாத மகசூலிலிருந்து அறுவடைப் பரிசோதனையில் கிடைத்த மகசூலைக் கழித்து, மீதியை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, உத்தரவாத மகசூல் 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ என்றால் இழப்பு கால்பங்கு. காப்பீட்டுத் தொகையில் கால்பங்கு இழப்பீடு. பள்ளிக்கூடக் கணக்கு. பட்டியலின் தலையில் இந்த மூன்று எண்களையும் அச்சிட்டால் ஊரில் யார் வேண்டுமானாலும் சரிபார்ப்பார்கள். அச்சிடாததால் ‘பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது, எங்களுக்கு ஏன் வரவில்லை’ என்று சாலை மறியல் நடக்கிறது. மறியலுக்கு வந்து நிற்கும் வட்டாட்சியரிடமும் விடை இருப்பதில்லை, பாவம். அவர் கையில் இருப்பதும் அதே பட்டியல்தான்.

பெயர் விடுபட்டவருக்குக் காரணம் சொல்லும் கலமும் தேவை. ‘தகுதியின்மை’ என்பது காரணம் ஆகாது. கணக்கு எண் பொருந்தவில்லையா, ஒரே புல எண்ணை இருவர் பதிந்துவிட்டார்களா, பதிவு செய்த பரப்பு அடங்கலில் உள்ளதைவிடக் கூடுதலா? எது என்று எழுதினால் உழவர் திருத்திக்கொள்வார்.

பட்டியலின் அருமை இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் வாதாட வேண்டாம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய 192 டிஎம்சியை மாதவாரியாகப் பிரித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் தேதி அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோதும் மாதக் கணக்கு நின்றது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மே வரை பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாதம், ஓர் எண். அளக்கும் இடம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. அந்தப் பன்னிரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்நாடு காவிரி மேலாண்மை ஆணையத்தில் வாதாடுகிறது. எந்த மாதத்தில் எவ்வளவு பாக்கி என்று தசமப் புள்ளியோடு கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். ‘ஜூலை சாய்கோடு ஆகஸ்ட் உள்ளிட்ட மாதங்களில் உரிய அளவு நீர்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டிருந்தால் மேட்டூருக்கு எத்தனை டிஎம்சி வந்து சேர்ந்திருக்கும்? கர்நாடகத்திடம் வரி வரியாகக் கணக்குக் கேட்கும் அரசு, தன் உழவரிடம் மட்டும் ஏன் பத்திக்குள் பத்தியாகப் பேசுகிறது?

இன்னொன்றும் அரசுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. எந்தெந்த மாவட்டம், எந்தெந்த ஒன்றியம் என்று ஓர் அட்டவணை. எந்தெந்தத் தொழில் கூடாது என்று இன்னோர் அட்டவணை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுமையாகவும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. அட்டவணையில் அந்தப் பெயர் இல்லை. பிறகு 2023ல் சட்டத்தைத் திருத்திச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு பெயர் பட்டியலில் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று சட்டப்பேரவையே ஒப்புக்கொண்ட கதை இது. அந்த அக்கறை மாவட்டமாக இருந்தால் வரும், மனிதராக இருந்தால் வராது என்பது என்ன நியாயம்?

தஞ்சாவூரில் இருந்துகொண்டு பட்டியல் எழுதத் தெரியாது என்பது வெட்கக்கேடு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அதிக தூரமில்லை, பெரிய கோயில். 1010ல் முடிந்த அந்தக் கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி பட்டியல்கள்தாம். அரசர் கொடுத்தவை, அவர் தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை என்று தலைப்புப் பிரித்து வெட்டச் சொன்னான் ராஜராஜன். நகை என்றால் முத்து எத்தனை, எந்த வகை முத்து, எடை கழஞ்சில் எவ்வளவு, மஞ்சாடியில் எவ்வளவு, நிறுத்த கல்லின் பெயர் என்ன, எடையில் நூலும் அரக்கும் சேர்த்தியா இல்லையா என்பது வரை உண்டு. கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர் என்றால் மொத்தப் பரப்பு, அதில் வரியில்லாமல் நீக்கப்பட்டவை என்னென்ன (ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு), நீக்கியது போக மீதி எவ்வளவு, அதற்கு நெல் எத்தனை கலம் என்று கழித்தல் கணக்கு கண்முன்னே நடக்கிறது. நம் காப்பீட்டுப் பட்டியலில் விடுபட்டிருக்கும் அதே கழித்தல் கணக்கு.

எல்லாவற்றிலும் தலையாயது, கோயில் பணிக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியல். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அந்த வரிசையில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர், பங்கு. ஒரு பங்குக்கு 100 கலம் நெல். எல்லோருக்கும் ‘நக்கன்’ என்ற ஒரே முன்னொட்டு. பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனாலும் ஒருவர் பங்கை இன்னொருவர் வாங்கிவிட முடியாது, ஏனென்றால் வீடு குறிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு, உறவினருக்குத் தகுதியில்லை என்றால் யாரை அமர்த்துவது, உறவினரே இல்லை என்றால் தேர்ந்தெடுப்பது யார் என்பதும் அங்கேயே இருக்கிறது. (அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா, அதிகாரம் கொண்டுவந்து குடிவைத்ததா என்பது தனி விவாதம்; அதில் ராஜராஜனுக்குச் சான்றிதழ் கொடுக்க நாங்கள் வரவில்லை.) ஐந்து ராஜேந்திரன் சிக்கலை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தீர்த்துவைத்த ஊரில், இன்றும் அதே சிக்கலில் உழவர் மாட்டுகிறார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தக் கல்வெட்டில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை, எண் போட்டு வரி பிரிக்கவில்லை; எழுத்து சுவர் முழுக்கத் தொடர்ந்து ஓடுகிறது. ஆனாலும் குழப்பமில்லை. காரணம், ஒவ்வொரு பதிவும் ஒரே உறுப்புகளோடு, ஒரே வரிசையில் அமைகிறது. முதல் பதிவைப் படித்தவர் நானூறாவது பதிவையும் படித்துவிடுவார். பட்டியலின் உயிர் அந்த ஒழுங்கில் இருக்கிறது, புள்ளியில் இல்லை. இதைச் சொல்லக் காரணம், எங்கள் கண்டனத்தைப் பார்த்ததும் யாரேனும் பழைய செய்திக்குறிப்பையே எடுத்து, காற்புள்ளி உள்ள இடத்திலெல்லாம் வெட்டி, முன்னால் கறுப்புப் புள்ளி வைத்து, ‘பட்டியலாக்கிவிட்டோம்’ என்று சொல்லிவிடக்கூடும். சில துறைகளின் விளம்பரங்களில் இப்போதே அதுதான் நடக்கிறது. முதல் புள்ளியில் ஓர் ஆவணம், இரண்டாவதில் ஓர் அறிவுரை, மூன்றாவதில் கடைசித் தேதி, நான்காவதில் அமைச்சரின் வாழ்த்து. ஆவணம் ஆவணத்தோடும், இடம் இடத்தோடும், தேதி தேதியோடும் நிற்கட்டும். ஓர் உருப்படி பெயர்ச்சொல்லில் முடிந்தால் எல்லாம் பெயர்ச்சொல்லில் முடியட்டும். ‘செய்ய வேண்டும்’ என்றால் எல்லாமே அப்படி.

பட்டியலில் ஒரு குறி விடுபட்டால் பணம் போகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே வழக்கு உண்டு. மேய்ன் மாநிலச் சட்டத்தில், எந்தெந்த வேலைக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. டப்பாவில் அடைத்தல், பதப்படுத்துதல், உலர்த்துதல் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘அனுப்புவதற்காக அல்லது விநியோகிப்பதற்காகப் பொதி கட்டுதல்’ என்றும் படிக்கும்படி நின்றது. ‘பொதி கட்டுதல், விநியோகித்தல்’ என்று இரண்டாகவும் படிக்கலாம். நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள், தாங்கள் விநியோகம்தான் செய்கிறோம், பொதி கட்டவில்லை, ஆகவே விலக்கு எங்களுக்குப் பொருந்தாது என்று வழக்காடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017ல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமானது. சட்டமன்றம் அந்தப் பட்டியலை அரைப்புள்ளி போட்டுத் திருத்தி எழுதியது. அங்கே குழப்பத்தின் பலன் தொழிலாளிக்குப் போயிற்று. இங்கே குழப்பத்தின் பலன் உழவருக்குப் போனதாக யாரேனும் ஓர் உதாரணம் காட்டினால் நாங்கள் இந்தத் தலையங்கத்தைத் திரும்பப் பெறுகிறோம்.

சாக்குகள் என்னவென்றும் தெரியும். செய்தித்தாளில் இடமில்லை என்பார்கள். இடம் குறைவு என்பது உளி பிடித்தவன் சொல்ல வேண்டிய சாக்கு. அவனே வீட்டு எண்ணை விடவில்லை. மேலும் உழவர் அதிகம் பார்ப்பது கூட்டுறவுச் சங்கப் பலகையையும் கைபேசியையும்தான். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. வரைவு சென்னையிலிருந்து வருகிறது என்பார்கள். சென்னை அனுப்பும் வரைவில் மாவட்டப் பெயரையும் தேதியையும் மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு சாய்கோட்டை எடுத்துவிட்டு ‘அல்லது’ என்று தட்டச்சு செய்வதில் என்ன தடை?

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. 2025-26 பருவத்துக்குச் சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று அறிவித்தார்கள். இதில் மத்திய அரசின் ஆதரவு விலை 2,369, 2,389. மாநில ஊக்கத்தொகை 131, 156. இரண்டு வரி, மூன்று கலம் போதும். ஈரப்பதம் 17 சதவீதம் வரை, முதிராத சுருங்கிய மணி 3 வரை, கலப்பு 6 வரை என்ற தர வரம்புகளும் அப்படித்தான். மழையாண்டில் தளர்வு வந்தால் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை ஆணைத் தேதியோடு எழுத வேண்டும். எடைமேடைக்கு அருகே, நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பவர் கண்ணில் படும் உயரத்தில் இது இருந்தால், ‘கலப்பு அதிகம்’ என்று வாயால் சொல்லிச் சிப்பத்தைத் தள்ளுவது அவ்வளவு எளிதாக இராது. சிப்பத்துக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்ற புகாரும் ஆண்டுதோறும் எழுகிறது. உழவர் கொடுக்க வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை என்றால் அதையும் ஒரு வரியாக அந்தப் பலகையில் எழுதுங்கள்.

காப்பீட்டு அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக ஒரு மாதிரி. விதியில் வேறு ஏதேனும் இருந்தால் துறை திருத்திக்கொள்ளட்டும். அமைப்பை மாற்ற வேண்டாம்.

எல்லா உழவரும் கொண்டுவர வேண்டியவை (நான்கும் கட்டாயம்):
1. கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவம்.
2. நடப்புப் பசலியின் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று. இரண்டில் ஒன்று போதும்.
3. வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.
4. ஆதார் நகல்.

குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் மட்டும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டியது:
5. குத்தகையைக் காட்டும் சான்று. எந்தச் சான்று, யார் கையெழுத்து என்பதைத் துறை இங்கே எழுத வேண்டும்.

இவற்றைத் தவிர வேறு ஆவணம் எதுவும் கேட்கப்படாது.

கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். அதை எழுதத்தான் துறைகள் தயங்கும். அதை எழுதாதவரை மற்ற ஐந்து வரிக்கும் மதிப்பில்லை.

இது நாங்கள் வேண்டிக்கொள்ளும் சலுகையும் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தன் 4ஆம் பிரிவிலேயே இதைக் கட்டளையிட்டிருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். தகவல் உள்ளூர் மொழியில், மக்களைச் சென்றடையும் முறையில் இருக்க வேண்டும். படமாக மங்கிய, வரிசை குலைந்த, காரணமில்லாத பட்டியல் இந்த மூன்றில் எதை நிறைவேற்றுகிறது?

ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களும் வேளாண்மைத் துறையும் கொள்முதல் நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் பின்வருமாறு செய்தாக வேண்டும். அடுத்த சம்பாவுக்கான அறிவிப்பு வெளியாகும் முன் பழைய வரைவைக் கோப்பிலிருந்து நீக்கி, ஆவணங்களைத் தனித்தனி வரியாக, சாய்கோடும் ‘இதர’வும் இல்லாமல் எழுத வேண்டும். எழுதிய வரைவை வெளியிடும் முன் ஒரு கிராமத்தில், அந்தத் துறையைச் சாராத நான்கு உழவரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் என்ன எடுத்துவருவார்கள் என்று கேட்க வேண்டும். நால்வரும் ஒரே தாள்களைச் சொல்லாவிட்டால் வரைவு தப்பு. இழப்பீட்டுப் பட்டியலை வருவாய்க் கிராமவாரியாக, புல எண் வரிசையில், தமிழில், தேடக்கூடிய எழுத்தாக வெளியிட வேண்டும். மேலே மூன்று மகசூல், தொகை எண்கள், விடுபட்டவர்களுக்கு எதிரே காரணம். ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்ட வேண்டும்.

ஒவ்வோர் அறிவிப்பின் அடியிலும், அதில் ஐயம் இருந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அச்சாக வேண்டும். இனி எந்த மேசையிலாவது சாய்கோட்டுக்கு ‘மற்றும்’ என்று பொருள் சொன்னால், உழவர்கள் அந்த எண்ணை அழைத்து, அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கட்டும்.